7323751-இல் என் பாதி

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "இன்னா புதுசா?" என்று சந்தேகமாகத் திரும்பிப் பார்க்கிற என் கோமதிக்கு,

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் என் அத்தை, அதாவது உன் அம்மா, விளக்குமாற்றோடு வந்திருப்பாள். கல்யாணத்துக்கு அப்புறம், ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று விட்டுவிட்டேன். இப்போது நீ இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். எனக்கு எல்லாமே லேட்டாகத்தான் புத்தியில் ஏறும், உனக்குத் தெரியாததா?

முதலில் வீட்டுச் செய்தி. நித்யா பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருந்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். "எங்கூட வந்துடுப்பா" என்றாள். மாட்டேன் என்றேன். அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் இரண்டு பேரும் உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். வேங்கிக்காலில் நம் தெருவுக்கு ஒருவழியாகத் தார் போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் கால் வைக்க முடியவில்லை என்று எத்தனை தடவை புலம்பினாய்! இப்போது வழவழவென்று கிடக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற இத்தாலிக்காரம்மா, உன்னிடம் கதர்த் துணி கொடுத்து ஜிப்பா தைத்துக்கொள்வாரே, அவர் போன வாரம் செங்கம் ரோட்டில் என் ஆட்டோவை நிறுத்தினார். "கோமதி, ஜிப்பா?" என்றார். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கையை மேலே காட்டினேன். அவர் நடுரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் ஒரு வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நீ இருந்தால் "விஷயத்துக்கு வா மாமா" என்றிருப்பாய். விஷயம் இதுதான். நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அந்த எண்ணில் என் பாதியை முழுக்க வகுத்து முடித்துவிட்டேன் என்று சொன்னேன். முடிக்கவில்லை. நாற்பத்து நான்கு வகுத்தல் பாக்கி இருந்தது. அதை நம்பிக்கொண்டு நீ மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா? அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கல்யாணச் சீராக உன்னோடு வந்த தையல் மெஷினில், சக்கரத்துக்குக் கீழே, கட்டைவிரல் நீளத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் 7323751 என்று பொறித்திருக்கிறது. எழுபத்து மூன்று லட்சத்து இருபத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பத்து ஒன்று. மெஷின் செய்தவன் போட்ட வரிசை எண், அவ்வளவுதான். ஊரில் எத்தனையோ பேர் தைக்கிறார்கள், யாராவது அந்தத் தகட்டைப் படித்திருப்பார்களா? நீ படித்தாய். பன்னிரண்டாவதோடு உன்னை நிறுத்திவிட்டார்கள், ஆனால் கணக்கு உன்னை விடவில்லை. எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை உடைத்துப் பார்க்காமல் உனக்குத் தூக்கம் வராது. ரேஷன் கடையில் டோக்கனை வாங்கிக்கொண்டு வந்து, "மாமா, இது பதிமூணால போவுது" என்று சந்தோஷமாகச் சொல்வாய். சர்க்கரை போட்டானா என்று நான் கேட்பேன்.

இந்த ஏழு இலக்கம் மட்டும் உனக்கு மசியவில்லை. பிளவுஸ் தைத்துக்கொண்டே மனசுக்குள் வகுத்து நூறு வரைக்கும் பார்த்து வைத்திருந்தாய். ஏழால் வகுத்தால் ஒன்றே ஒன்று மீதி என்று அதன் மேல் உனக்கு ஒரு கோபம்கூட இருந்தது. அதற்கு மேல் போக நேரம் ஏது? தீபாவளி வந்துவிடும், பொங்கல் வந்துவிடும், யாராவது துணியோடு வந்து "நாளைக்கே வேணும்கா" என்று நிற்பார்கள்.

அப்புறம் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் அதை என் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்காமலே கேட்டேன். உன்னிடம் யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. இனிமேல் மெஷின் மிதிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னோம். "அதுவும் நல்லதுதான், இப்பதான் எனக்கு நேரம் கெடச்சிருக்கு" என்று ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னாய். வாங்கி வந்தேன். இன்னொன்று வாங்கி வா என்று திருப்பி அனுப்பினாய்.

"எனக்கு எதுக்குடி நோட்டு?"

"பாதி நீ போடணும்."

"நானா? பத்தாவதுல நான் கணக்குல எவ்ளோ வாங்கினேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதான் உனக்கு வகுத்தல் மட்டும் குடுக்கறேன்."

"போன்ல தட்டினா ஒரு நிமிஷத்துல வந்துடுமே."

"போன்ல தட்டினா போனுக்குத்தான் தெரியும். நமக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாவது நோட்டு வாங்கக் கடைக்குப் போனேன்.

உனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த எண் பகா எண்ணா இல்லையா? ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணா? அதற்கு எழுபத்து மூன்று லட்சம் வரைக்கும் வகுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று நான் அலறினேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ரெண்டு எண்ணைப் பெருக்கித்தான இது வரணும்? ரெண்டுமே 2706-க்கு மேல இருந்துச்சுன்னா என்னாகும்? 2707-ஐ 2707-ஆல பெருக்கினாலே நம்ம எண்ணைத் தாண்டிப் போயிடுது. அதனால ஒண்ணாவது 2706-க்குள்ள இருந்தாகணும். அதுவரைக்கும் பார்த்தாப் போதும். அதுலயும் பகா எண்ணால மட்டும் வகுத்தாப் போதும்."

பிளவுஸ் அளவு வெட்டுகிற பழுப்புத் தாளை விரித்து, கட்டம் போட்டு, 2706 வரை எல்லா எண்ணையும் எழுதினாய். இரண்டின் மடங்குகளை அடித்தாய், மூன்றின் மடங்குகளை அடித்தாய், ஐந்து, ஏழு, பதினொன்று என்று அடித்துக்கொண்டே போனாய். மூன்று நாள் ஆனது. அடிபடாமல் நின்றவை முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. இரண்டையும் ஐந்தையும் ஒதுக்கினால் மற்றதெல்லாம் ஒன்றிலோ மூன்றிலோ ஏழிலோ ஒன்பதிலோ முடிகிறது. ஒன்றிலும் மூன்றிலும் முடிகிறவை உனக்கு, ஏழிலும் ஒன்பதிலும் முடிகிறவை எனக்கு.

"ஏழு, ஒன்பது வாய்ப்பாடு கஷ்டமாச்சே. அதை ஏன் எங்கிட்ட தள்ற?"

"நீதான ஆம்பளை."

சட்டம் போட்டாய். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஆளுக்கு நான்கு வகுத்தல். நான் என் மீதியை உரக்கப் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளும், நீ எழுந்து உட்கார முடியாத நாளும் லீவு.

முதல் நாள் என் லட்சணம் நினைவிருக்கிறதா? தகட்டைப் பார்த்து எண்ணை நானே எழுதிக்கொள்கிறேன் என்று பெருமையாகப் போய் 7323715 என்று எழுதிக்கொண்டு வந்தேன். கடைசி இரண்டு இலக்கம் மாறிவிட்டது. அதை வைத்துக்கொண்டு பதினேழால் வகுத்து, பத்தொன்பதால் வகுத்து, வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய். "அய்யோ மாமா! அஞ்சுல முடியுது, அது அஞ்சால போகும்னு ரெண்டாவது படிக்கிற புள்ளைக்குத் தெரியும். அதைப் போயி ஒரு மணி நேரமா..." என்று சிரித்தாய். தையல் போட்ட வயிறு வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் நீ முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிறகுதான் உறைத்தது.

நான் போட்டதை நீ சரிபார்க்கிற விதம் எனக்கு முதலில் மந்திரம் மாதிரி இருந்தது. 7323751-இன் இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தெட்டு, அதையும் கூட்டினால் பத்து, அதையும் கூட்டினால் ஒன்று. நான் வகுத்த எண், ஈவு, மீதி எல்லாவற்றையும் அப்படியே ஒற்றை இலக்கமாகச் சுருக்கி, முதல் இரண்டையும் பெருக்கி மீதியைக் கூட்டினால் கடைசியில் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடியே பத்து விநாடியில் சொல்லிவிடுவாய். "தப்பு, திரும்பப் போடு." ஒரு நாளில் மூன்று தடவைகூடத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

எனக்கும் பிடித்துப்போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நீ, "இந்த எண்ணை நாலால வகுத்தா மூணு மீதி. அதனால ரெண்டு வர்க்க எண்ணைக் கூட்டி இதைக் கொண்டாரவே முடியாது" என்றாய். போட்டுப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறாய் என்றேன். "எந்த வர்க்கத்தை நாலால வகுத்தாலும் ஒண்ணு மீதி, இல்லன்னா மீதியே இல்ல. ரெண்டைக் கூட்டினா ரெண்டுக்கு ஜாஸ்தி போகாது. மூணு எங்கேர்ந்து வரும்?" மறுநாள் இதை ஆட்டோ ஸ்டாண்டில் தேவராஜிடம் சொன்னேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா பச்சை, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான்.

இப்படியே என் நோட்டில் 1999 வரை வந்தேன். ஈவு 3663, மீதி 1414. அன்று சாயங்காலம் உன் கையிலிருந்து பென்சில் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை நீ என்னைப் பார்த்து, தப்பு செய்துவிட்ட பிள்ளை மாதிரி சிரித்தாய். கோமதி, என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஆபரேஷனைத் தாங்கினேன், நித்யா சொன்னதைத் தாங்கினேன், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு உனக்குப் போன் செய்து சவாரி வந்துவிட்டது என்றேன். சவாரி இல்லை. செங்கம் ரோட்டு டீக்கடை வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வந்த சவாரியைக்கூட வேண்டாம் என்று தேவராஜுக்குத் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"வூட்டுக்குப் போ பச்சை."

"போறேன், போறேன்."

"எப்பப் போவ? எல்லாம் ஆன பிறகா?"

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் என் கையை விலக்கிவிட்டுப் போய்விட்டான். அப்போதும் நான் வீட்டுக்கு வரவில்லை. நீ தூங்கியிருப்பாய் என்று தெரிந்த பிறகுதான் வந்தேன். நித்யா லீவு போட்டு வந்திருந்தாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படிப் பதினொரு சாயங்காலம். நாளுக்கு நான்கு என்றால் நாற்பத்து நான்கு. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

காலையில் நீ கேட்பாய். "நேத்து நாலும் ஆச்சா?"

"ஆச்சு. ஆட்டோலயே போட்டுட்டேன்."

"மீதி வந்துச்சா?"

"எல்லாத்துக்கும் வந்துச்சு."

அவ்வளவுதான். எவ்வளவு மீதி என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. ஒவ்வொரு மீதியையும் உரக்கப் படிக்கச் சொல்லி, ஒன்று வருகிறதா என்று பார்த்து, திரும்பப் போடச் சொன்னவள், அந்தப் பதினொரு நாளும் ஏன் கேட்கவில்லை? அசதியா? இல்லை, தெரிந்தே விட்டாயா?

பன்னிரண்டாம் நாள் காலையில், "முடிஞ்சிடுச்சா மாமா?" என்றாய்.

"முடிஞ்சிடுச்சு. ஒண்ணுலயும் போகல."

"எனக்கும் போகல" என்றாய். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்ப பகா எண்தான். நம்ம ரெண்டு பேரும் சேந்து கண்டுபுடிச்சிட்டோம்" என்றாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் வெட்கமே இல்லாமல் தலையை ஆட்டினேன். அதற்கு மூன்றாம் நாள் விடியற்காலையில் நித்யா என்னை எழுப்பினாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு எனக்குப் பிடித்த பயம் என்ன தெரியுமா? அந்த நாற்பத்து நான்கில் ஏதாவது ஒன்று மீதியில்லாமல் போய்விட்டால்? இருபத்தாறு வருஷமாக நீ கேட்ட ஒரே கேள்விக்குத் தப்பான விடையைக் கொடுத்தல்லவா உன்னை அனுப்பி வைத்திருப்பேன்? கேட்டால் சிரிப்பார்கள், பெண்டாட்டி போனதை விட்டுவிட்டு இவனுக்கு இது ஒரு கவலையா என்பார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊர் முழுக்க ஜனம், ஆட்டோவை எடுக்கவே இல்லை. வகுத்துப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்றுத்தான் துணிந்தேன். எந்தெந்த எண் பாக்கி என்று பார்க்க அந்தப் பழுப்புத் தாள் வேண்டும். அது உன் நோட்டுக்குள் மடித்து இருந்தது. உன் நோட்டை அதற்கு முன்னால் நான் திறந்ததே இல்லை. உன் பாதி உன் பாடு என்று இருந்தேன். தாளை எடுத்தேன். அப்புறம் உன் எழுத்தைப் பார்க்கலாம் என்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன்.

நாம் ஆரம்பித்த மூன்றாவது வாரத்துப் பக்கம். 733, மீதி 348. அதற்குக் கீழே 743. ஈவு 9857. மீதி 0.

கோடு இல்லை, வட்டம் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்து 751, மீதி 750. அடுத்து 761, மீதி 648. அன்றைய நான்கு முடிந்தது.

நீ எங்கோ தப்பு செய்துவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். 743-ஐ 9857-ஆல் பெருக்கினேன். 7323751. மறுபடி பெருக்கினேன். அதே. உன் சட்டத்தை மீறிப் போனிலும் தட்டினேன், மன்னித்துக்கொள். அதே. பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 9857-ஐத் தனியாக எடுத்து, மூன்றிலிருந்து தொண்ணூற்றேழு வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்திருக்கிறாய். எதிலும் போகவில்லை. இரண்டே இரண்டு பகா எண்கள், 743, 9857. அதற்குள் வேறு எதுவும் கிடையாது. உனக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிட்டது.

அந்தச் சாயங்காலம் நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே! 727-ஓடு மல்லுக்கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல். கல்யாணம் ஆன நாளிலிருந்து துரத்திய எண் உன் மடியில் வந்து விழுந்திருக்கிறது. ரேஷன் டோக்கனுக்கு ஊரைக் கூட்டியவள் நீ. அன்று மூச்சுக்கூட விடவில்லை. "மாமா, மீதி என்ன?" என்று என்னைத்தான் கேட்டிருப்பாய்.

அதற்கப்புறம் நிறுத்தினாயா? இல்லை. இரண்டு மாதம், நாளுக்கு நான்காக, ஒன்றுகூட விடாமல் வகுத்திருக்கிறாய். போகவே போகாது என்று தெரிந்தே வகுத்திருக்கிறாய். கடைசிப் பக்கங்களில் எழுத்து உன்னுடையது இல்லை, நித்யாவினுடையது. 2003-இலிருந்து 2693 வரை. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"உனக்குத் தெரியுமாம்மா? 743?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்கப்பா."

"ஏன்?"

"'உங்கப்பன் ஆஸ்பத்திரிலகூட ஒரு எடத்துல உக்காரல. இந்தக் கணக்குக்காகத்தான் ஆறு மணியானா வந்து உக்காருது. எண்ணு பிரிஞ்சிடுச்சுன்னு சொன்னா எழுந்து போயிடும்'னாங்க."

நித்யாவே மேலே சொன்னாள்.

"கடைசியில கை வரல, என்னை எழுதச் சொன்னாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டா, 'உங்கப்பன் வருது, பென்சிலை எங்கையில குடு'ன்னுவாங்க. குடுப்பேன். வேற யாரு ஆட்டோவாவது இருக்கும்."

போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது.

கோமதி, உன் மேல் எனக்குக் கோபம். சொல்லியிருக்கக் கூடாதா? "மாமா, விடை கெடச்சிடுச்சு, ஆனாலும் சும்மா வந்து உக்காரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேனா? இதை எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். உட்கார்ந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? நீ என்னை உட்கார வைக்க இரண்டு மாதம் பொய்க் கணக்குப் போட்டாய், நான் உட்காராமல் இருக்கப் பதினொரு நாள் பொய் சொன்னேன். ஒண்ணுலயும் போகல என்று நான் சொன்ன பொய்கூடக் கடைசியில் உண்மையாகிவிட்டது. என் பாதியில் எதுவும் போயிருக்கவே முடியாது. நான் திருடியது கணக்கை இல்லை. உன் பதினொரு சாயங்காலத்தை.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் என்ன நினைத்தாய்? அது நான் இல்லை என்று தெரிந்ததும் பென்சிலை நீயே நித்யாவிடம் திருப்பிக் கொடுத்தாயா, அவளாக வாங்கிக்கொண்டாளா? இதை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடமும் கேட்க முடியாமல் போய்விட்டது.

இன்று ஆறு மணிக்கு உன் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். 2017-க்கு ஈவு 3631, மீதி 24. 2027-க்கு ஈவு 3613, மீதி 200. 2029-க்கு ஈவு 3609, மீதி 1090. 2039-க்கு ஈவு 3591, மீதி 1702. உரக்கப் படித்தேன். சரிபார்க்க நீ இல்லாததால் நானே இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். நான்கிலும் ஒன்று வந்தது. தேவராஜ் பார்க்க வந்திருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விடை தெரிஞ்ச கணக்கை எதுக்குப்பா திரும்பப் போடற என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்னும் நாற்பது இருக்கிறது. நாளுக்கு நான்குதான் போடுவேன், சீக்கிரம் முடித்துவிடமாட்டேன். கடைசி 2699 வரை ஒன்றையும் விடமாட்டேன், ஒன்றும் பிரியாது என்று தெரிந்தே போடுவேன். இது சத்தியம்.

நாளைக்கு ஆறு மணிக்கு வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும். அது நான்தான் கோமதி.

உன் மாமா,
பச்சையப்பன்